மாடியில் அடிக்கும் மணி

பியோ மன்சொக் பிறத்தியார் வீட்டில் குறை கண்டுபிடித்துச் சாப்பிட்டவர். இது வசை அல்ல; அவருடைய தொழிலே அதுதான். குவாங்ஜு நகரத்தில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில், குடிபோவதற்குச் சில வாரங்கள் முன்னால், வாங்கியவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்ட இரண்டு மூன்று நாள் ஒதுக்குவார்கள். அந்த நாட்களுக்குள் எங்கே கோணல், எங்கே கீறல், எந்தக் கதவு உரசுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிவிட வேண்டும். கட்டினவர்கள் வந்து சரிசெய்வார்கள். வாங்கியவர்களுக்கோ அன்றைக்குக் கண் தெரியாது. இருபது வருஷம் சேர்த்த காசு சுவராக நிற்கிற பூரிப்பில் அவர்கள் ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் கூலி கொடுத்து மன்சொக்கைக் கூப்பிட்டார்கள்.

அவரிடம் சுவரில் சிவப்புக் கோடு போடும் லேசர் இருந்தது. கதவின் மேல்விளிம்பில் பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று பார்க்க, கம்பியில் கட்டிய கண்ணாடி இருந்தது. இவை போக, சட்டைப்பையில் ஒரு கோலிக்குண்டு. லேசர் சொல்வதை யாரும் நம்புவதில்லை; தரையில் வைத்த கோலி தானாக உருண்டால் உடனே நம்பிவிடுவார்கள். ஸ்டிக்கரில் மூன்று வரிகள் உண்டு: இடம், குறை, தேதி. ஒரு விதியும் உண்டு. குறை சரியானபின் ஸ்டிக்கரை எடுப்பது ஒட்டிய தரப்பின் வேலை. கட்டினவர் அதில் கைவைக்கக் கூடாது.

இந்த விதிதான் அவருடைய சொந்த வீட்டில் சிக்கலானது. அங்கே கட்டினவரும் அவர், ஒட்டினவரும் அவர். ஆகவே எடுப்பதற்கு யாருமில்லாமல் போயிற்று.

வீடு கோசாங் ஊருக்கு வெளியே, தர்பூசணி விளையும் செம்மண் மேட்டில் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், வாடகைக்கு இருந்த இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்ததால், கீழ்த்தளம் முடிந்ததும் குடிவந்துவிட்டார்கள். மாடி அப்படியே நின்றது. சுவர் பூச்சில்லாத செங்கல், தரை வெறும் சிமெண்ட், படிக்குக் கைப்பிடி கிடையாது. மன்சொக்கின் வரைபடத்தின்படி கூடம் மாடியில் வர வேண்டும். அங்கிருந்துதான் பைன் மரக்குன்று தெரியும். கீழே இருப்பது தற்காலிகம். இந்தத் தற்காலிகத்தில்தான் மகள் சோல் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி முடித்து, குவாங்ஜுவில் வேலைக்கும் போய்விட்டாள்.

கீழ்த்தளத்துக் குளியலறையில் வடிகால் ஓட்டை, தரையின் மிக உயர்ந்த இடத்தில் இருந்தது. தண்ணீர் அதைத் தவிர எல்லாப் பக்கமும் போகும். குளித்து முடித்தவர் துடைப்பக் கட்டையால் தண்ணீரை மேட்டுக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும் என்பது வீட்டு வழக்கம். முன்னறை விளக்கின் ஸ்விட்ச் சமையலறையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக வாசல் மணி. கூடம் மாடியில் வரப்போகிறதென்று மணியின் கம்பியை மாடிக்கு இழுத்து, பெட்டியையும் அங்கேயே மாட்டியிருந்தார்கள். வாசலில் நின்று அழுத்தினால் ஆளில்லாத மாடியில் அடிக்கும். கீழே ஒன்றும் கேட்காது. வந்தவர்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பியோ வீட்டில் கதவைத் திறக்க மாட்டார்கள் என்ற பேச்சு ஊரில் அப்படித்தான் உண்டானது. அது முழுப் பொய்யும் இல்லை.

ஏனென்றால் மன்சொக் யாரையும் வீட்டுக்கு அழைத்ததில்லை. புது வீடு புகுந்தால் விருந்து போட வேண்டும். வருகிறவர்கள் கழிப்பறைக் காகிதச் சுருள் முப்பது கொண்ட கட்டோ சோப்புத்தூளோ சுமந்து வருவார்கள். சுருள் சிக்கில்லாமல் அவிழ்கிற மாதிரி காரியங்கள் அவிழட்டும், நுரை பொங்குகிற மாதிரி வீடு பொங்கட்டும் என்று அர்த்தம். மன்சொக்கும் மனைவி யோன்சிம்மும் பதினோரு வருஷமாக ஊரில் எல்லா வீட்டு விருந்துக்கும் கட்டுச் சுமந்தார்கள். திருப்பி ஒரு கட்டும் வரவில்லை. "முடியட்டும், கூப்பிடறேன்" என்பது மன்சொக்கின் பதில். முடியாத வீட்டைப் பிறருக்குக் காட்டுவது அவருக்கு, பாதிச் சவரம் செய்த முகத்தோடு கல்யாணத்துக்குப் போவதுபோல.

எதிர்மேட்டில் குடியிருந்த பாங்கோல் அக்கா இதை விடவில்லை. பாங்கோல் அவர் பிறந்த ஊர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எழுபதை நெருங்கியவர், மன்சொக்கை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"தம்பி, நீங்க குடிவந்த வருஷம் உங்க விருந்துக்குன்னு ஒரு கட்டு வாங்கி வச்சேன்" என்பார், ரோட்டில் பார்க்கிற போதெல்லாம். "ரெண்டு வருஷம் பாத்தேன். அப்புறம் நாங்களே உபயோகிச்சிட்டோம். மறுபடி வாங்கினேன். அதுவும் போச்சு. இப்ப இருக்கிறது நாலாவது."

"இந்த வருஷம் மாடியை முடிச்சிடுவேன் அக்கா."

"முடிங்க, முடிங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. வயித்துக்குத்தான் அவசரம்."

வீட்டுக்குள் ஸ்டிக்கர்கள் பெருகின. கதவு நிலை, ஜன்னல் மூலை, தரையில் கோலி எப்போதும் போய்ச் சேரும் தென்கிழக்கு மூலை. இருநூற்றுப் பதினான்கு என்று ஒருமுறை சோல் எண்ணிச் சொன்னாள். மன்சொக் இதைப் பொறுப்பு என்று நினைத்தார். குறையைத் தெரிந்துவைத்திருக்கிறவன் அதற்கு அடிமையில்லை என்பது அவருடைய எண்ணம். இரவில் விளக்கை அணைக்கச் சமையலறைக்கு நடக்கும்போது, மஞ்சள் துண்டுகள் நடுவே அந்த எண்ணம் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார். கவனித்ததை ஒட்டத்தான் இடமில்லை.

யோன்சிம் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தாள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சூப் காய்ச்சுகிறவள் சத்தமாகப் பேசுவாள் என்று நினைப்போம். அவள் பேச்சு மிகக் குறைவு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், குவாங்ஜுவில் கட்டப்போகும் அடுக்குமாடி ஒன்றுக்குக் குலுக்கலில் தன் பெயர் விழுந்திருக்கிறது என்று சொன்னாள். மன்சொக் அப்போது படிக்கட்டின் கடைசிப் படி மற்றவற்றைவிட எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்று அளந்துகொண்டிருந்தார். "ம்" என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் தன் சம்பளத்திலிருந்து தவணை கட்டி வந்தாள்.

இந்த வருஷம் அக்டோபரில், காலைச் சாப்பாட்டின்போது, "வர்ற சனிக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கா?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"ஒரு வீடு பாக்கணும். கூலி தர்றேன்."

"யார் வீடு?"

"என் வீடு."

பதினேழாவது மாடி. கிழக்குப் பார்த்த கூடம். மன்சொக் செருப்புக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். லேசரை வைத்தார். கண்ணாடியை ஒவ்வொரு கதவின் தலைக்கும் மேலே பிடித்தார். கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். அது எங்கும் நிற்காமல், யாரையும் கேட்காமல், நேராக வடிகாலுக்குள் போயிற்று. கடைசியில் கூடத்தின் நடுவே குந்தி உட்கார்ந்து கோலியை வைத்தார். கோலி நகரவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் நகரவில்லை. அதைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட ஒரு தரைக்குத்தான் அவர் பதினோரு வருஷமாக ஆசைப்பட்டார். கிடைத்தபின் அதை என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை. அதுவாக எதுவும் செய்யாது என்பதுதானே அதன் சிறப்பு.

மொத்தம் நான்கு ஸ்டிக்கர். நான்கும் அற்பம். ஐந்தாவதாக ஒன்றைக் கற்பித்திருக்கலாம். இந்தத் தொழிலில் அது கஷ்டமும் இல்லை. ஆனால் தொழிலில் அவர் பொய் எழுதியதில்லை.

"நல்ல வீடு" என்றார். அவர் வாயிலிருந்து இது வருவது அபூர்வம்.

யோன்சிம் ஜன்னலோரம் நின்றிருந்தாள். "அப்போ சரி. வருஷக் கடைசியில சாவி குடுப்பாங்க."

"கோசாங் வீட்ட என்ன பண்ணறது? அது இன்னும் முடியலையே."

"அதான் சொல்லறேன்." அவள் திரும்பவில்லை. "எனக்கு முடிஞ்ச வீடு வேணும்னு ஒண்ணும் இல்ல, சோல் அப்பா. நாலு பேர் வர்ற வீடு வேணும். முடிஞ்ச வீட்டுக்குத்தான் ஆள் வரலாம்னு நீங்க சொல்லறீங்க. அதனால முடிஞ்ச வீட்டுக்குப் போறேன்."

"போறேன்னா? போறோம்னா?"

"அத நீங்கதான் சொல்லணும். கிம்ச்சி போட்டு முடியட்டும். அதுக்கப்புறம் பேசலாம்."

குளிர்காலத்துக்கான கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போட இன்னும் நாற்பது நாள் இருந்தது. வேறொரு மனிதனாக இருந்தால் அந்த நாற்பது நாளில் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பான். மன்சொக் மாடியை முடிப்பதென்று தீர்மானித்தார். மனைவி சொன்னதை அவர் கேட்டார்; அதில் 'முடிஞ்ச வீடு' என்ற இரண்டு சொற்கள் மட்டும் காதில் தங்கின. மரப்பலகைகளை வரவழைத்து மாடிச் சுவரோரம் அடுக்கினார். படிக்குக் கைப்பிடி வைத்தார். ஆனால் தரை பால்கனிப் பக்கம் இரண்டு விரற்கடை சரிந்திருந்தது. கலவை ஊற்றி அதை மட்டம் பிடித்த பிறகுதான் பலகை போட முடியும். அந்த வேலையில் பேர்போன மோ தோசிக் என்பவருக்கு நவம்பர் கடைசித் திங்கட்கிழமைதான் நாள் இருந்தது. கிம்ச்சி போடுவது அதற்கு முந்தைய சனிக்கிழமை.

கிம்ச்சிக்கு ஊரில் முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு உன் வீட்டுக்கு ஆறு பேர் வந்து கைகொடுத்தால், நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு நீ போக வேண்டும். யோன்சிம் எல்லோர் வீட்டுக்கும் போவாள். தன் கோஸை மட்டும் பாங்கோல் அக்கா வீட்டு முற்றத்துக்கு வண்டியில் ஏற்றிப் போவாள். இந்த வருஷம் ஏற்றவில்லை.

"இங்கயே போடறேன்" என்றாள்.

"இங்கன்னா?"

"முற்றத்துல. முற்றம் முடிஞ்சிடுச்சில்ல?"

முற்றத்தில் முடிப்பதற்கு ஒன்றுமில்லாததால் மன்சொக் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நூற்றறுபது கோஸைப் பாதியாகப் பிளந்து, பெரிய ரப்பர்த் தொட்டிகளில் உப்புத்தண்ணீர் விட்டு ஊறப்போட்டார்கள். அன்றிரவு மேற்குக் கடலிலிருந்து காற்று வந்தது. விடியும்போது முற்றத்தில் முழங்கால் அளவு பனி. இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. உப்பில் ஊறின கோஸ் யாருக்காகவும் காத்திருக்காது. இன்னும் அரைநாள் விட்டால் துவண்டு, உப்பேறி, எதற்கும் ஆகாது.

எட்டு மணிக்கு ஆறு பெண்கள் வாசலில் நின்றார்கள். தலையில் துண்டு, கையில் சிவப்பு ரப்பர் உறை, தோளில் பனி. முன்னால் பாங்கோல் அக்கா. மணியை அழுத்திப் பார்த்துப் பயனில்லை என்று கதவைத் தட்டியிருந்தார். மன்சொக் திறந்தார். திறந்தவர், கதவுநிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தான் அப்படி நிற்பது அவருக்கே தெரியவில்லை.

"உள்ள இன்னும் வேலை முடியல அக்கா."

"தெரியுமே. பதினோரு வருஷமாத் தெரியும்."

"திங்கக்கிழமை ஆள் வர்றாங்க. ஒரு வாரம் பொறுத்தீங்கன்னா..."

"தம்பி, நாங்க வீட்டப் பாக்க வரல. கோஸு உள்ள போகணுங்குது. அதுக்கு வழி விடுங்க."

பின்னாலிருந்து ஒருத்தி, "கோஸுக்குக் குறை பாக்கத் தெரியாது அண்ணா. விட்டுடுங்க" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். யோன்சிம் சிரிக்கவில்லை. அவள் அவருக்குப் பின்னால், சமையலறை வாசலில் நின்று அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கையை எடுத்தார். பெருந்தன்மையால் அல்ல. வாசல்படியில் பனி உருகி மரநிலைக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது; அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

கீழே, அடியிலிருந்து சூடேற்றும், காகிதம் ஒட்டின தரை; அங்கே தொட்டி வைக்க முடியாது. "மேல" என்றாள் யோன்சிம். அவ்வளவுதான். நூற்றறுபது கோஸும் தொட்டித் தொட்டியாகப் புதுக் கைப்பிடியை உரசிக்கொண்டு மாடி ஏறின. மன்சொக்கும் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு தொட்டி தூக்கினார். தூக்காமல் நின்றால் சுவரைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

மாடியில் வருங்காலக் கழிவறைக்காக விட்டிருந்த குழாய் ஒன்று இருந்தது. அதைத் திறந்து கோஸை அலசினார்கள். பெண்களில் ஒருத்தி முதல் தொட்டியின் உப்புத்தண்ணீரைச் சாய்க்கப் போனபோது மன்சொக், "அங்க கொட்டாதீங்க, வடிகால் கிடையாது" என்று ஓடினார். அதற்குள் அவள் கொட்டியாயிற்று. தண்ணீர் கூடத்தின் நடுவிலிருந்து, எந்த அவசரமும் இல்லாமல், இரண்டு விரற்கடைச் சரிவில் இறங்கி, பால்கனிக்குப் போய், மழைநீர் ஓட்டையில் விழுந்து மறைந்தது.

பாங்கோல் அக்கா அதைக் கடைசிச் சொட்டு வரை பார்த்தார். "யாரு இந்தத் தரை போட்டது?"

"என் சித்தப்பா மகன்" என்றார் மன்சொக், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

"விவரமான ஆளு. எங்க வீட்டு முற்றத்துல தண்ணி நின்னு நின்னு கால் வெறைச்சுப் போகும். இவரு நெனச்சுப் பாத்துல்ல போட்டிருக்காரு. நம்பர் குடுங்க, தம்பி."

சித்தப்பா மகன் எதையும் நினைத்துப் பார்த்தவனில்லை. தரை போட்ட நாள் காலையிலேயே சோஜு சாராயம் குடித்துவிட்டு வந்தவன். இதை எப்படிச் சொல்வது என்று மன்சொக் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர்கள் வேலையில் இறங்கிவிட்டார்கள். அடுக்கி வைத்திருந்த விலை உயர்ந்த மரப்பலகைகளின் மேல் பிளாஸ்டிக் விரித்து, அலசின கோஸை வடிய வைத்தார்கள். சரியான உயரம் என்று அதற்கும் ஒரு பாராட்டு. சிவப்பு மிளகாய்ப் பொடியும் மீன் சாறும் முள்ளங்கியும் கலந்த மசாலா, சிமெண்டில் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை. இப்படிப்பட்ட தரையில் எதற்குத் துடைப்பது?

அப்புறம் ஸ்டிக்கர்களைக் கண்டார்கள். மாடியில் மட்டும் அறுபதுக்கு மேல். கண்ணாடி போட்டிருந்த ஒருத்தி கையில் மசாலாவோடு சுவர்ச்சுவராகப் போய்ப் படித்தாள்.

"இடம்: வடக்குச் சுவர். குறை: செங்கல் வரிசை கோணல். தேதி: அஞ்சு வருஷம் முன்னாடி."

"எந்தச் செங்கல்?"

"தெரியலையே. எல்லாம் செங்கல் மாதிரித்தான் இருக்கு."

"எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு ஒட்டணும். இடம்: சோபா. குறை: முப்பது வருஷமா நகரல."

"அவருக்கு ஒண்ணு போதுமா?"

மன்சொக் பால்கனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் காது சூடாக இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தார்: அவர்கள் சிரிப்பது வீட்டைப் பார்த்தல்ல. வீட்டை அவர்கள் பார்க்கவே இல்லை. பதினோரு வருஷமாக அவர் யாரிடமிருந்து இந்தச் சுவர்களை மறைத்து வைத்தாரோ, அவர்களுக்கு இது தண்ணீர் வடிகிற ஓர் இடம். அவமானப்படுவதற்குக்கூட எதிராளி கொஞ்சம் அக்கறை காட்ட வேண்டியிருக்கிறது.

மத்தியானம் பன்றி இறைச்சியை வேகவைத்துத் துண்டு போட்டு, புதுக் கிம்ச்சியோடு நடுவில் வைத்தார்கள். பாங்கோல் அக்கா உட்காரப் போனவர் நிமிர்ந்தார். "இருங்கடி. இந்த வீட்டுக்குள்ள முதல் தடவை காலெடுத்து வச்சிருக்கோம். வெறுங்கையோட எப்படிச் சாப்பிடறது?" உறையைக் கழற்றிப் போனை எடுத்தார். "என்னங்க, அந்தக் கட்ட எடுத்துட்டு வாங்க. எந்தக் கட்டா? நாலாவது கட்டு. பனின்னா என்ன, பூட்ஸ் இல்லையா?"

கால்மணி நேரம் கழித்து, எல்லோர் தலைக்கும் மேலே, கணீரென்று ஒரு சத்தம். ஒருத்தி கையிலிருந்த இறைச்சித் துண்டைப் போட்டுவிட்டாள். யோன்சிம் கூட நிமிர்ந்து பார்த்தாள். பூச்சில்லாத செங்கல் சுவரில், உயரத்தில், தூசி படிந்த ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி.

"அது என்ன?"

"மணி" என்றார் மன்சொக். "வாசல் மணி."

"வேலை செய்யுதா?"

"எப்பவும் வேலை செஞ்சுகிட்டுதான் இருந்துச்சு."

பாங்கோல் அக்கா அவரையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்போ நாங்க அழுத்தினப்பல்லாம்?"

"இங்க அடிச்சிருக்கும்."

மணி மறுபடி அடித்தது. மன்சொக் கீழே போய்க் கதவைத் திறந்தார். பாங்கோல் அக்காவின் கணவர், தலையில் பனியும் மார்பில் முப்பது சுருள் கட்டுமாக நின்றார். அவரையும் சேர்த்து அந்த மத்தியானம் ஏழு பேர் மணியை அழுத்தினார்கள். மற்ற வீடுகளிலும் கட்டுகள் வெகுநாளாகக் காத்திருந்தன போலும். ஏழு தடவையும் திறந்தது மன்சொக்தான். மற்றவர்கள் கையெல்லாம் மிளகாய்.

மறுநாள் ஞாயிறு. குவாங்ஜுவில் ஒரு வீட்டுக்குக் குறை பார்க்கப் போனார். இளம் தம்பதி. அவர் லேசரை நிறுத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கணவனிடம் ஏதோ கிசுகிசுத்தாள். பிறகு, "சார், உங்க முதுகுல ஒண்ணு ஒட்டியிருக்கு" என்றாள்.

வேலைச் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். மஞ்சள் ஸ்டிக்கர்.

இடம்: வாசல். குறை: ஆள் வழிமறித்து நிற்பது. தேதி: பதினோரு வருஷம்.

எழுத்து உருண்டையாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் டப்பாக்களின் மேல் தேதி எழுதுகிறவளின் எழுத்து.

தம்பதி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது வேற வீட்டு ஸ்டிக்கர்" என்றார். அதை எடுக்காமல், சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அன்றைய வேலை முழுவதையும் முடித்தார். விதி விதிதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது யோன்சிம் கிம்ச்சி டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"ஒட்டினவங்கதான் எடுக்கணும்" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். விரல் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தொட்டது அவருக்குத் தெரிந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

"சரியாயிடுச்சா?"

"நேத்து ஏழு தடவ திறந்தேன்."

"நேத்து பனி. கோஸு இருந்துச்சு. வேற வழி இல்ல." அவள் திரும்ப டப்பாவிடம் போனாள். "கொஞ்ச நாள் பாக்கணும். பாக்காம எடுக்கக் கூடாது இல்ல?"

அவரே எத்தனையோ வீட்டுக்காரர்களுக்குச் சொன்ன வார்த்தை.

"நாளைக்கு மோ வர்றார்" என்றார். "தரையை மட்டம் பிடிக்க. காலையில ஆரம்பிச்சா வாரக் கடைசிக்குள்ள பலகை போட்டுடலாம்."

"பலகை போட்டா அடுத்த வருஷம் கோஸ எங்க அலசறது?"

"அது..." என்று ஆரம்பித்தவர் சரிவு, கலவை, பால்கனியில் ஒரு தனிக் குழாய் என்று கணக்குப் போட்டபடியே குளியலறைக்குப் போனார். குளித்து முடித்து, தண்ணீரைக் கட்டையால் மேட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பாதி தள்ளியபோதுதான் அந்த வாக்கியத்தின் மற்றப் பாதி காதில் விழுந்தது. அடுத்த வருஷம், என்று சொல்லியிருக்கிறாள். அரை மில்லிமீட்டர் கோணலைக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு இதற்கு இருபது நிமிஷம் பிடித்தது. தண்ணீர் அவர் காலைச் சுற்றித் திரும்பக் கதவுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதை மறுபடி தள்ளினார்.

காலையில் மோ தோசிக் தன் கலவை மூட்டைகளோடு மாடி ஏறினார். மிளகாய்ச் சிவப்பு ஊறின சிமெண்டைப் பார்த்தார். பலகை அடுக்கின் பக்கத்தில் இடுப்பளவுக்கு எழும்பி நின்ற காகிதச் சுருள் மதிலையும் பார்த்தார்.

"இதையெல்லாம் எங்க நகர்த்தப் போறீங்க?"

"நகர்த்த இடமில்ல" என்றார் மன்சொக். "நீங்க சிரமப்பட்டு வந்துட்டீங்க. சாப்பிட்டுட்டுப் போங்க. புதுக் கிம்ச்சி இருக்கு."

மோ தோசிக் சாப்பிட்டார். சாப்பிட்டபடி, "ஆனாலும் இந்தத் தரை ரொம்பச் சரிவுங்க" என்றார்.

"தெரியும்" என்றார் மன்சொக். குறையைப் பற்றிப் பேச்சு வந்தும் அவர் கை சட்டைப்பைக்குப் போகாதது அன்றைக்குத்தான்.

பதினேழாம் மாடி வீட்டுக்கு வருஷக் கடைசியில் சோல் குடிபோனாள். அவளுக்கும் ஒரு வீடு வேண்டியிருந்தது. கோலி நகராத தரையைப் பற்றி அவளுக்குப் புகார் எதுவும் இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டபோது, "அப்பா, ஸ்டிக்கர் கொண்டு வராதீங்க" என்று கறாராகச் சொல்லியிருந்தாள். மாடியிலிருந்து ஒரு காகிதக் கட்டைச் சுமந்து போனார்கள்.

மன்சொக் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. கீழ்த்தளத்தின் ஸ்டிக்கர்களில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. பலகைகள் இன்னும் அடுக்கி இருக்கின்றன. அவற்றின் மேல் மிளகாய் காய்கிறது. மோ தோசிக்கிடம் வசந்தத்தில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எந்த வசந்தம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் மாறியது. வேலையில்லாத நாட்களில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மாடிக்குக் கொண்டுபோய் உட்கார ஆரம்பித்தார். கேட்டால், சுவரில் ஈரம் இறங்குகிறதா என்று கவனிப்பதாகச் சொல்வார். வரைபடத்தில் எழுதியிருந்தபடி, அங்கிருந்து பைன் மரக்குன்று தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது, கழற்றி மடியில் வைத்திருந்த வேலைச் சட்டையின் முதுகில் கை பட்டது. ஸ்டிக்கர் இல்லை. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை; அவளும் சொல்லவில்லை. அது இருந்த இடத்தில் பசை மட்டும் சதுரமாக மிச்சமிருந்து, அதில் நூலும் தூசியும் ஒட்டியிருந்தன. சரியாகப் பார்த்தால் அதுவும் ஒரு குறைதான். அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேலே மணி அடித்தது. கீழே சமையலறையில் யோன்சிமுக்கு அது கேட்டிருக்காது. மன்சொக் சட்டையை மாட்டிக்கொண்டு, "வர்றேன், வர்றேன்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லியபடி, உயரம் அதிகமான அந்தக் கடைசிப் படியில் வழக்கம்போல இடறி, கதவைத் திறக்கப் போனார்.